வேகப் பொறியும் பேராக் சாலைகளும்

தமிழில் 'பொறி' என்னும் சொல்லுக்குப் பல பொருள் உண்டு. கண், காது முதலிய புலன் உறுப்புகள் ஐம்பொறி எனப்படும். எலியைப் பிடிக்க வைப்பதும் பொறியே. இயந்திரத்துக்கும் அதுவே பெயர். மதுரையின் மதில்மேல் நின்ற போர்க்கருவிகளைச் சிலப்பதிகாரம் பொறிகளாகவே அடுக்கிச் சொல்கிறது. இம்மூன்று பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கும் பொருள் ஒன்று இன்று மலேசியச் சாலையோரங்களில் காணப்படுகிறது. போகிற வண்டியின் வேகத்தை அளந்து, அளவு மிஞ்சினால் அதன் எண்ணைப் படம்பிடித்துச் சம்மன் வரச் செய்யும் கருவியே அது. செய்தவருக்கு அஃது இயந்திரம், அகப்பட்டவருக்கு எலிப்பொறி, சட்டத்துக்கோ ஒரு கண். ஆங்கிலேயர் 'டிராப்' என்றும் மலாய்க்காரர் 'பெராங்காப்' என்றும் சொல்வது நடுவிலுள்ள பொருளை மட்டுமே. 'வேகப் பொறி' என்று தமிழில் சொல்லும்போது மற்ற இரண்டும் கூடவே வருகின்றன.

ஈப்போவில் கார் ஓட்டுபவர்களிடம் வேகப் பொறி பற்றிக் கேட்டால் முதலில் கிடைப்பது இடப்பட்டியல்தான். எந்தப் பாலத்தின்மேல் போலீசார் முக்காலியை நிறுத்துவர், எந்த வளைவுக்கு அப்பால் கேமராத் தூண் இருக்கிறது, எந்தப் பெருநாளில் கெடுபிடி மிகுதி என்பனவெல்லாம் மனப்பாடமாக வரும். இந்த அறிவு பயனற்றது அன்று. அபராதப் பணத்தை மிச்சப்படுத்தும். ஆனால் 'பொறி எங்கே இருக்கிறது?' என்பது ஒரு கேள்வி. 'வேகத்தை எங்கே அடக்க வேண்டும்?' என்பது வேறொரு கேள்வி. சில இடங்களில் இரண்டுக்கும் விடை ஒன்றே. பல இடங்களில் அவ்வாறு அன்று. பேராக் மாநிலத்தின் சாலைகளே இதற்குப் போதிய சான்று.

மோட்டார் வண்டி பிறந்த சில ஆண்டுகளிலேயே அதன் வேகத்தைப் பிடிக்கும் வேலையும் பிறந்துவிட்டது. 1896 ஜனவரியில், இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் பாடக் வுட் என்னும் ஊரின் வழியே வால்டர் அர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் வண்டி ஓட்டினார். ஊருக்குள் அன்றைய எல்லை 2 மைல். காவலர் ஒருவர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் ஒரு ஷில்லிங். பின்னர் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை 20 மைலாக உயர்த்தியது. அப்போதுதான் உண்மையான 'பொறி' வந்தது. சாலையில் ஒரு தொலைவை அளந்து வைத்துக்கொண்டு, இரு முனைகளிலும் காவலர்கள் வேலிக்குப் பின்னால் மறைந்திருப்பர்; வண்டி கடக்கும் நேரத்தை நிறுத்துகடிகாரத்தால் கணக்கிடுவர். தொலைவை நேரத்தால் வகுத்தால் வேகம். பள்ளிக்கூடக் கணக்கே அன்றி வேறில்லை.

மறைந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்க ஒரு கூட்டம் வேண்டுமன்றோ? 1905-இல் கார் உரிமையாளர்கள் சேர்ந்து ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்னும் சங்கத்தைத் தொடங்கினர். அதன் ஆட்கள் சைக்கிளில் சாலையைச் சுற்றிவந்து, முன்னே பொறி இருந்தால் உறுப்பினர்களுக்கு எச்சரிக்கை செய்தனர். இது காவலர் கடமைக்கு இடையூறு என்று 1910-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கமோ சளைக்கவில்லை. உறுப்பினரின் காரைக் கண்டால் சங்கத்து ஆள் வணக்கம் செய்வது வழக்கம். அவன் வணக்கம் செய்யாவிட்டால் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. கையைத் தூக்காதிருப்பது எந்தச் சட்டப்படி குற்றமாகும்? இன்று பேராக்கின் பழைய பெருஞ்சாலையில் எதிரே வரும் லோரி முன்விளக்கை இருமுறை மின்னிக் காட்டுவதும், கைத்தொலைபேசியின் செயலி 'முன்னே போலீஸ்' என்று சொல்வதும் அந்த வணக்கத்தின் வழிவந்தவையே. ஆயினும் அதே சங்கம் 1906 முதல் ஆபத்தான வளைவுகளிலும் சரிவுகளிலும் எச்சரிக்கைப் பலகைகளை நட்டு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காவலரைக் காட்டிக்கொடுத்த கையே சாலையின் ஆபத்தையும் காட்டியது. இரண்டாவது வேலையை இன்றைய செயலிகள் அவ்வளவாகச் செய்வதில்லை.

இனி ரப்பரைப் பற்றிச் சிறிது சொல்வது பொருந்தும். 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ, கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்தின் அருகே மரமாய் நிற்கிறது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டார். டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. ரப்பருக்குக் காடழித்த நிலம் வேண்டியிருந்தது. நிலத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வேண்டியிருந்தது. பேராக்கில் தமிழர் குடியேறிய வரலாற்றில் பெரும்பகுதி இந்த மூன்று வாக்கியத்துள் அடங்கும்.

அந்த ரப்பரே வேகத்தை அளக்கவும் பயன்பட்டது. ஜாவாத் தீவில் 1911-இல் பிறந்த டச்சுக்காரர் மவுஸ் காட்சோனிடஸ் புகழ்பெற்ற கார்ப் பந்தய வீரர். 1953-இல் மாண்டி கார்லோ பந்தயத்தை வென்றவர். வளைவுகளில் இன்னும் விரைவாகச் செல்வது எப்படி என்று ஆராய்வதற்காக அவர் தம் வேகத்தையே அளக்க ஒரு கருவி செய்தார். சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர்ப் பட்டைகள். முதற்பட்டையில் சக்கரம் ஏறியவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் ஏறியவுடன் நிற்கும். 1958-இல் அவர் நிறுவிய தொழிலகம் பின்னாளில் உலகெங்கும் போலீசாருக்கு வேகக் கேமராக்களை விற்றது. விரைந்து ஓட விரும்பியவர் செய்த கருவி, விரைந்து ஓடுபவரைப் பிடிக்கும் கருவியாயிற்று.

பிற்காலக் கருவிகள் ரப்பரை விட்டு அலைகளைப் பற்றிக்கொண்டன. நெருங்கி வரும் ஆம்புலன்ஸின் ஒலி கூர்மையாகவும், கடந்து அகலும்போது மந்தமாகவும் கேட்பதைக் கவனித்திருக்கலாம். அசையும் பொருளின் அலைகள் இவ்வாறு மாறுபடும் என்பதை 1842-இல் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் விளக்கினார். ராடார்க் கருவி வானொலி அலையை வண்டிமீது எறிந்து, திரும்பி வரும் அலையின் மாறுபாட்டைக் கொண்டு வேகத்தைக் கூறும். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இது சாலைக்கு வந்தது. லேசர்க் கருவியின் வழி வேறு. அது ஒளித்துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, ஒவ்வொன்றும் போய்வரும் நேரத்தைக் கொண்டு வண்டி எவ்வளவு நெருங்கிவிட்டது என்று பார்க்கும். ஒளி ஒரு மீட்டர் செல்ல எடுக்கும் நேரம் நொடியின் முப்பது கோடியில் ஒரு பங்கு. அந்த நுட்பத்தோடு அளப்பதால், ஓட்டுநர் கண்ணில் கருவி படும்போது வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

மலேசியாவில் சாலைதோறும் வேக எல்லையை வகுத்த தேசிய ஆணை 1989-இல் வந்தது. விரைவுச் சாலையில் பொதுவாக 110 கிலோமீட்டர், கூட்டரசுச் சாலையிலும் மாநிலச் சாலையிலும் 90, ஊர்ப்புறங்களில் 60. ஹரி ராயா, சீனப் புத்தாண்டு போன்ற பெருநாட்களில் 90 என்பது 80 ஆகக் குறைக்கப்படுவதுண்டு. பள்ளி வட்டாரங்களில் பிள்ளைகள் வந்துபோகும் நேரத்துக்கு 30. தானியங்கிக் கேமரா முறை 2012 செப்டம்பர் 23-ஆம் நாள் தொடங்கியது. முதலில் வைத்த 14 கேமராக்களுக்குத் தேர்ந்தெடுத்த வட்டாரங்கள் பேராக், சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா. நாட்டிலேயே முதன்முதலில் இயந்திரக் கண்ணின் பார்வைக்கு உட்பட்ட சாலைகளுள் பேராக்கின் சாலைகளும் இருந்தன. அபராதம் 300 வெள்ளியாக இருந்து, 2018-இல் 150 வெள்ளியாகக் குறைந்தது. கேமராவுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை உண்டு. இருக்கும் இடங்களும் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுகின்றன. ஆதலின் பொறி என்ற பெயர் இதற்கு முழுதும் பொருந்தாது. எலிக்கு முன்கூட்டியே அறிவித்து வைக்கும் எலிப்பொறி உலகில் இல்லை.

அறிவித்தும் என்ன நேர்கிறது? தூணுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னே எல்லாரும் பிரேக்கை மிதிக்கின்றனர். தூண் பின்னால் போனவுடன் விட்டதைப் பிடிக்க விரைகின்றனர். பிற நாட்டு ஆய்வாளர் இதனைக் கங்காருவின் தாவலுக்கு ஒப்பிடுவர். கேமரா இருக்கும் இடத்தில் விபத்துக் குறைவது உண்மையே. ஆயின் அந்த நன்மை தூணின் நிழல் விழும் தூரத்துக்கே. அதன் இரு புறமும் சாலை பழையபடியே கிடக்கும்.

வேகம் ஏன் கொல்கிறது என்பதை வகுப்பறைக் கணக்காகவே காட்டலாம். ஆபத்தைக் கண்ட கண் காலுக்குச் சொல்லி, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று கொள்க. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் கார் அந்த நொடியில் 8 மீட்டர் ஓடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 5 மீட்டர் ஆகும். ஆக 13 மீட்டர். 60-இல் போகும் காருக்கோ முதல் நொடிக்கே ஏறத்தாழ 17 மீட்டர் செலவாகிவிடும். பள்ளி வாசலில் 13 மீட்டர் முன்னே ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்தால், 30-இல் வந்த கார் அப்பிள்ளையின் அருகே நிற்கும். 60-இல் வந்த கார் பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே, குறையாத 60 வேகத்தோடு மோதும். 'இருமடங்கு வேகம், இருமடங்கு ஆபத்து' என்று நினைப்பவர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். 90-இல் நிற்க ஏறத்தாழ 70 மீட்டரும், 110-இல் 97 மீட்டரும் வேண்டும். இவையெல்லாம் நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்தால். மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கத்தில் ஈரச் சாலையில் டயரின் பிடிப்புப் பாதியாகிவிட்டால், 90-இல் வரும் காரும் 110 மீட்டருக்குமேல் ஓடித்தான் நிற்கும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது என்ன? 40 கிலோமீட்டர் தொலைவை 90-இல் கடக்க 26 நிமிடம் 40 நொடி. 110-இல் 21 நிமிடம் 49 நொடி. ஐந்து நிமிடமும் மிச்சமில்லை. ஒரு தே தாரிக் ஆறும் நேரம்.

பேராக்கில் வேகத்தை அடக்க வேண்டிய முதல் இடம் மலைச்சரிவு. வடக்கு-தெற்கு விரைவுச் சாலை கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் இடையே மலையைக் குடைந்து செல்கிறது. ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள மெனோரா சுரங்கம் அங்கே இருக்கிறது. சுரங்கத்தை விட்டு ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் சரிவில் எல்லை 110 அன்று, 80. அந்த எண் எழுத்தாணி போன போக்கில் எழுதியது அன்று. 110-இல் வரும் வண்டியின் ஆற்றல் 80-இல் வருவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. சமதரையில் அதனை ஒருமுறை அடக்கினால் போதும். சரிவிலோ புவியீர்ப்பு மேலும் மேலும் ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்கும். பாரம் ஏற்றிய லோரி பிரேக்கையே நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். சிறிய கியரில் இறங்குவதே முறை. மலையடியில் இருந்த ஜெலாப்பாங் சுங்கச் சாவடி 2009-இல் அகற்றப்பட்டதற்கு, பிரேக் பிடிக்காத லோரிகளால் அங்கு நேர்ந்த விபத்துகளும் ஒரு காரணம். சரிவை அகற்ற இயலாதாகையால் சாவடியை அகற்றினர். அச்சரிவில் 80 என்ற பலகையைக் கண்டு, 'கேமரா இருக்கிறதா?' என்று தேடும் ஓட்டுநர் பலகை சொல்லும் செய்தியைப் படிக்கவில்லை.

அதே சாலையில், சற்று வடக்கே புக்கிட் கந்தாங் அருகே 2007 ஆகஸ்டு 13-ஆம் நாள் விடியுமுன் ஒரு விரைவுப் பேருந்து பள்ளத்தில் விழுந்து 22 பேர் மாண்டனர். ஓட்டுநரின் பெயரில் தீர்க்கப்படாத சம்மன்கள் பல கிடந்தமை பின்னர் தெரியவந்தது. பொறி அவரைப் பிடிக்காமல் இல்லை, பலமுறை பிடித்திருக்கிறது. பிடித்த பின் ஒன்றும் நடவாததுதான் குறை. தாள் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் எந்தக் கண்காணிப்புக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது நிகழ்ச்சி ஆசிரியர் உலகைச் சார்ந்தது. 2025 ஜூன் 9-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, கிரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்தது. திரெங்கானுவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் இறந்தனர். ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்று 1922-இல் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் அது. தமிழாசிரியராக வருவோர் பலரும் இன்று அங்கே பயில்கின்றனர். விசாரணை, பேருந்து சரிவில் அளவு கடந்த வேகத்தில் வந்ததைச் சுட்டிக்காட்டியது. இதன்பின் அரசு, கனரக வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இயங்க வேண்டும் என்ற விதியை 2025 அக்டோபர் 1 முதல் படிப்படியாகச் செயற்படுத்தத் தொடங்கியது. இக்கருவி சாலையோரத்தில் நிற்பது அன்று. வண்டியின் எஞ்சினோடு இணைந்தது. எல்லைக்குமேல் எஞ்சின் உந்தாது. ஆயினும் சரிவில் உருளும் வண்டியை நிறுத்துவது அதன் வேலை அன்று. அதற்குப் பிரேக்கும் கியரும் அவற்றை அறிந்த ஓட்டுநரும் வேண்டும்.

பழைய கூட்டரசுச் சாலைக்கு வருவோர் வேறு வகை ஆபத்தைக் காண்பர். தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங், ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார் என்று அச்சாலை ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. ஊருக்கு வெளியே 90, ஊர் வாயிலில் 60, பள்ளி வாயிலில் 30. நீண்ட நேரம் 90-இல் வந்தவனுக்கு 60 என்பது நடைபோலத் தோன்றும். வேகமானியைப் பாராமல் 'குறைத்துவிட்டோம்' என்று நினைப்பவன் பெரும்பாலும் 75-இல் இருப்பான். போலீசார் ஊர் எல்லையில் கருவியோடு நிற்பதைச் சிலர் சூழ்ச்சி என்பர். கண் ஏமாறும் இடம் அதுவே என்பதை எண்ணினால் அக்குறை நிற்காது.

இச்சாலையின் இரு மருங்கிலும் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள் நின்றன. இப்போது பெரும்பாலும் செம்பனை. சில இடங்களில் வீடமைப்பு. லயங்கள் கலைந்து தோட்டத்து மக்கள் பட்டணம் சேர்ந்தாலும், தோட்டத்தின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் பல பழைய இடத்திலேயே உள்ளன. ஆகவே மக்களின் போக்குவரத்து முன்னிலும் மிகுந்தது. முன்பு லயத்திலிருந்து நடந்து பள்ளிக்கு வந்த பிள்ளை இன்று ஈப்போப் பக்கமிருந்து தகப்பனார் மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து வருகிறது. அச்செம்மண் பாதை சடக்கைத் தொடும் முச்சந்திதான் யாரும் பட்டியலிடாத இடம். பெரியவர்கள் இன்றும் 'பத்தாங் கட்டை முச்சந்தி' என்று பழைய மைல்கணக்கில் அடையாளம் சொல்லும் அவ்விடங்களில் பலவற்றில் விளக்கும் இராது. 90-இல் வரும் கார் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. பாதையிலிருந்து ஏறும் மோட்டார் சைக்கிள் சடக்கைக் கடக்க மூன்று நான்கு நொடி ஆகும். ஆதலின் நூறு மீட்டருக்கு அப்பால் கார் தெரியாத முச்சந்தியில், இருவரும் குற்றமற்றவராக இருந்தும் மோதல் நேரலாம். 2016-இல் மலேசியச் சாலைகளில் மாண்டவர் 7,152 பேர். ஆண்டுதோறும் இறப்போரில் பாதிக்குமேல் மோட்டார் சைக்கிளில் செல்வோரும் பின்னிருப்போருமே.

இத்தகைய முச்சந்திகள் எல்லாவற்றிலும் கேமரா வைக்க எந்த அரசாலும் இயலாது. பெருஞ்சாலையின் நீண்ட பகுதிகளுக்கு வேறொரு முறை உண்டு. இத்தாலியிலும் ஸ்காட்லாந்தின் ஏ77 சாலையிலும் 2005 முதல் வழங்குவது அது. ஒரு கேமராவுக்குப் பதில், பல கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு. முதலாவது வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறிக்கும், இரண்டாவது மறுபடி குறிக்கும். 7 கிலோமீட்டர் சரிவை 80-இல் கடக்க 5 நிமிடம் 15 நொடி வேண்டும். நான்கு நிமிடத்துக்குள் இறங்கியவர், இரு தூணுக்கு முன்னும் எவ்வளவு பணிவாக மெதுவே வந்திருந்தாலும், இடையில் என்ன செய்தார் என்பது தெரிந்துவிடும். வேலிக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்ற 1903-ஆம் ஆண்டுக் காவலரின் கணக்குத்தான் இது. தொலைவு மட்டும் நீண்டிருக்கிறது. கங்காருத் தாவலுக்கு இதில் இடமில்லை.

தோட்ட முச்சந்திக்கும் பள்ளி வாயிலுக்கும் இம்முறையும் உதவாது. அங்கே பழைய மருந்தாகிய வேகத்தடை மேடுதான் இன்றுவரை மிகுதியாகக் கையாளப்படுகிறது. ஆங்கிலேயர் வேடிக்கையாக இதனை 'உறங்கும் போலீஸ்காரன்' என்பர். தாரால் போடுவதும் உண்டு. ரப்பரால் செய்து ஆணியடித்துப் பொருத்துவதும் உண்டு. அளவுப்படி அமைந்த மேடு காரை 30-க்குக் கீழே கொண்டுவரும். அளவின்றி ஊரார் தாமே குவித்த உயர்ந்த மேடு, மழைநாளில் மோட்டார் சைக்கிளையே முதலில் வீழ்த்தும். மேட்டில் பூசிய வண்ணம் ஓரிரு ஆண்டில் தேய்ந்துவிடுகிறது. தேய்ந்த மேடு இரவில் கண்ணுக்குத் தெரியாது. பள்ளி திறக்குமுன் மேட்டுக்கும் அதற்கு முன்னுள்ள குறுக்குக் கோடுகளுக்கும் புதுப்பூச்சுப் பூசும்படி ஊராட்சி மன்றத்துக்கோ பொதுப்பணி இலாகாவுக்கோ பெற்றோர் ஆசிரியர் சங்கம் விண்ணப்பம் எழுதலாம். சாலையின் எண், பள்ளியின் பெயர், மேடு வாயிலிலிருந்து எத்தனை மீட்டர் என்ற மூன்றையும் அதில் குறிப்பிட்டால் அதிகாரிகள் இடத்தைத் தேட வேண்டியிராது.